தேவைக்குறிப்பு மாறும்போது மனம் படும் பாடு



ஐங்கந்தங்களுள் ஒன்றாகிய வேதனையைப் பற்றிச் சென்ற மாதங்களில் வகுப்பில் வாசித்தோம். வேதனை என்றவுடன் துன்பம் என்றே நம்மவர் பொருள் கொள்கின்றனர். தமிழ் வழக்கு அங்ஙனம் ஆகிவிட்டது. பாளி மொழியிலோ அச்சொல் இன்பமாய் உணர்தல், துன்பமாய் உணர்தல், இரண்டுமன்றி உணர்தல் என்னும் மூன்றையும் ஒருங்கே குறிப்பது. இதனை எத்தனை முறை விளக்கினும் பாடம் ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்பதை நாம் அறியாமலில்லை. "சொல் விளங்குகிறது ஐயா, அந்தப் பொருளை எங்கே பிடிப்பது என்றுதான் விளங்கவில்லை" என்று ஓர் இளைஞர் வெளிப்படையாகவே கூறினார். அவர் பெங்களூரில் கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதும் தொழிலில் உள்ளவர். ஆகவே அவர் தொழிலிலேயே அதனைப் பிடித்துக் காட்டலாம் என்று துணிந்து இப்பாடத்தை எழுதலானோம். மென்பொருள் நுட்பம் நாம் பயின்றதன்று; இளைஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதுகின்றோம்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் பணியைத் தங்கவயலில் தாங்கி நின்றவர்களுள் சுரங்கத் தொழிலாளர் பலர். அச்சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவு திரும்புகின்றனர். பாட்டனார் உடைத்த பாறை, உடைத்து முடித்தபின் 'நான் வேறு பாறை' என்று சொன்னதில்லை. பேரன் செய்யும் வேலையோ, செய்து முடித்த மறுநாளே 'நான் கேட்டது இதுவன்று' என்று சொல்லக்கூடியது. பாட்டனாருக்கு மார்பில் தூசு படிந்தது. பேரனுக்குப் படிவது வேறொன்று.

வாடிக்கையாளர் தமக்கு இன்னின்னது செய்யும் மென்பொருள் வேண்டும் என்று சொல்வதனை 'ரிக்வயர்மென்ட்' என்று பிள்ளைகள் வழங்குகின்றனர். நாம் அதனைத் தேவைக்குறிப்பு என்போம். வீடு கட்டும்போது மாடிப்படியை இடம் மாற்றச் சொன்னால், மேஸ்திரி இடிக்க வேண்டிய சுவரைக் கைநீட்டிக் காட்டுவார். சொன்னவரும் தலையைச் சொறிந்துகொண்டு, இருக்கட்டும் என்று போய்விடுவார். மென்பொருளில் இடிபடும் சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் மாற்றச் சொல்பவருக்கு அது ஒரு வரி வேலையாகவே தோன்றும். செய்பவருக்கோ பத்து நாள் உழைப்பு வீணானதாகத் தோன்றும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. மனத்தாங்கலில் பெரும்பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது என்பது நம் எண்ணம்.

தேவையை முழுதும் முன்கூட்டியே எழுதிவிட்டு, அதன்பின் படிப்படியாகச் செய்து முடிக்கும் முறையை ஒரு காலத்தில் பலர் பின்பற்றினர். அங்ஙனம் ஒரே போக்காகச் செய்தல் இடர் தரும் என்று வின்ஸ்டன் ராய்ஸ் என்பார் 1970-லேயே எழுதியிருந்தும், அவர் எச்சரித்த முறையையே பலர் அவர் பெயரால் கைக்கொண்டனர் என்பது வேடிக்கை. பின்னர் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் அறிஞர்கள் கூடி 'அஜைல்' என்னும் அறிக்கையை வெளியிட்டனர். காலந்தாழ்த்தி வரும் மாறுதலையும் வரவேற்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. கொள்கை நல்லதே. ஆயினும் வரவேற்பது வாயா, மனமா என்பதை எந்த அறிக்கையும் தீர்த்துவைக்க முடியாது.

இனி அவ்விளைஞர் கதைக்கு வருவோம். அவர் பணிபுரியும் சிறு நிறுவனம் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்வது. 2017 ஜூலை 1-ஆம் நாள் ஜி.எஸ்.டி. என்னும் வரி நடைமுறைக்கு வந்தது முதல் இத்தொழிலார்க்கு மாறுதல் என்பது பருவமழை போல. அவ்வாண்டு நவம்பரிலேயே 178 வகைப் பொருள்களுக்கு 28 விழுக்காட்டு வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 3-ஆம் நாள் ஜி.எஸ்.டி. மன்றம் கூடி, 12, 28 என்ற இரு படிகளையும் பெரும்பாலும் நீக்கி, 5, 18 என்ற இரு படிகளும், சிலவற்றுக்கு மட்டும் 40-ம் என்று முடிவு செய்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் செப்டம்பர் 22. இடையில் இருந்தவை மூன்று வாரங்கள்கூட இல்லை.

வரியை மாற்றுவது ஓர் எண்ணை அழித்து மற்றோர் எண்ணை எழுதுவதுதானே என்று நாமும் கேட்டோம். இளைஞர் சிரித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். 30,000 ரூபாய் அடக்கவிலை உள்ள ஏ.சி. கருவியை ஒருவர் செப்டம்பர் 15-ஆம் நாள் வாங்கினார் என்க. அன்றைய வரி 28 விழுக்காடு, அதாவது 8,400 ரூபாய். ஆக அவர் கொடுத்தது 38,400. கருவியில் குறை கண்டு 24-ஆம் நாள் திருப்புகின்றார். அவர் கொடுத்த வரியோடுதான் திருப்பித் தர வேண்டும். மென்பொருளோ பொருளின் பெயருக்கு நேரே ஒரே ஒரு வரிவிகிதத்தை மட்டும் வைத்திருந்தால், அது புதிய 18 விழுக்காட்டைப் போட்டு 35,400 என்று காட்டிவிடும். வாங்கியவருக்கு 3,000 ரூபாய் நட்டம். எனவே எண்ணை மாற்றினால் போதாது; எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்த விகிதம் என்று நாளோடு சேர்த்து வைத்தல் வேண்டும். அதற்கு அடித்தளத்தையே திருத்த வேண்டும்.

நிறுவனத்திற்கு வந்த முதற் குறிப்பில் இதெல்லாம் இல்லை. வரிவிகிதத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றிருந்தது. பத்து நாள் கழித்து, பழைய விலையும் புதிய விலையும் பில்லில் அருகருகே அச்சாக வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்லியனுப்பினார். குழுவினர் இரவு பகலாக அதனைச் செய்தனர். 19-ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, புறப்படும் நேரத்தில், அது வேண்டாம், குறைந்த தொகையை மட்டும் பில்லின் அடியில் ஒரு வரியாகக் காட்டுங்கள் என்று மறுகுறிப்பு வந்தது. குழுத்தலைவர் அதனை அப்படியே அனைவருக்கும் அனுப்பி, 'சின்ன மாற்றந்தான், இன்றே முடித்துவிடலாம்' என்று சேர்த்து எழுதியிருந்தார்.

"அதைப் படித்ததும் காது சூடாகிவிட்டது ஐயா" என்றார் இளைஞர்.

இவ்விடத்தில் நிற்போம். நாம் வகுப்பில் தேடிக்கொண்டிருந்த வேதனை இதுதான். கோபம் இன்னும் வரவில்லை. எவரையும் குறை கூறும் எண்ணமும் எழவில்லை. கண் எழுத்தைக் கண்டது. மனம் பொருளைப் பற்றியது. துன்பமான ஓர் உணர்வு காதிலும் கழுத்திலும் எழுந்தது. மஜ்ஜிம நிகாயத்தின் மதுபிண்டிக சுத்தத்தில் இவ்வரிசை கூறப்படுகிறது. பரிசத்தால் வேதனை எழும். உணர்ந்ததை மனம் அடையாளங் காணும். அடையாளங் கண்டதைப் பற்றி எண்ணும். எண்ணியதை விரித்து விரித்துப் பெருக்கும். அப்பெருக்கத்திற்குப் பபஞ்சம் என்று பெயர். ஒரு வரிச் செய்தி அரை மணி நேரத்தில் எப்படிப் பெருகிற்று என்பதை இளைஞர் மறைக்காமல் சொன்னார். 'இவர்களுக்கு என் நேரத்தின் அருமை தெரியாது.' 'என்னை மனிதனாகவே மதிப்பதில்லை.' 'வேறு ஆளாயிருந்தால் இப்படிச் சொல்வார்களா?' 'அவர்களுக்கு நான் யார் என்று தெரியும், அதனால்தான்.'

கடைசி எண்ணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இப்பத்திரிகையை வாசிப்பவருள் அவ்வெண்ணம் தோன்றாதவர் மிகச் சிலரே. தலைமுறை தலைமுறையாகக் கட்டளையும் இழிவும் ஒரே வாயிலிருந்து வந்ததைக் கேட்டுப் பழகிய செவி நம்முடையது. கட்டளை மட்டும் வந்தாலும் அதனோடு இழிவும் வந்ததாக அச்செவி கேட்டுவிடும். சில நேரங்களில் இழிவு மெய்யாகவே வந்திருக்கும். இரண்டில் எது என்று பிரித்தறிய நிதானம் வேண்டும். காது சூடாயிருக்கும்போது அந்நிதானம் இராது. அன்று மாலை வந்த குறிப்பு அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததன்று, எட்டுப் பேருக்கும் வந்தது என்பதை அவர் மறுநாள்தான் எண்ணிப்பார்த்தார்.

சம்யுத்த நிகாயத்தில் சல்லத்த சுத்தம் என்று ஒன்று உண்டு. அம்பு ஒன்று தைத்தவன்மேல் இரண்டாவது அம்பும் தைத்தாற்போல, பயிலாத மனிதன் உடலால் ஒருமுறையும் மனத்தால் ஒருமுறையும் நோவடைகின்றான் என்றும், பயின்றவனுக்கு முதலம்பு மட்டுமே தைக்கிறது என்றும் பகவான் அதில் விளக்குகின்றார். இதனைக் கேட்டு, முதலம்பும் தைக்காத வழி தம்மத்தில் உண்டு என்று எண்ணுவோர் உளர். சுத்தம் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வந்த மாறுதல் துன்பமே. அதனைத் துன்பமில்லை என்று நடித்தல் தம்மமன்று. சதிபட்டான சுத்தத்தில் துன்ப வேதனையைத் துன்ப வேதனை என்றே அறிய வேண்டுமென்றும், துவேஷமுள்ள மனத்தைத் துவேஷமுள்ள மனம் என்றே அறிய வேண்டுமென்றும் உள்ளது.

மேல்நாட்டு உளநூலார் இதனோடு ஒட்டிய ஒன்றைத் தம் வழியில் ஆராய்ந்துள்ளனர். சலோவி, மேயர் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1990-ல் 'இமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்ற பெயரில் கட்டுரை எழுதினர். டேனியல் கோல்மன் 1995-ல் அப்பெயராலேயே ஒரு நூல் எழுதியபின் அது எங்கும் பரவிற்று. தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் உள்ளபடி கண்டறிந்து, அதன் காரணத்தை உணர்ந்து, அதனை ஆளும் திறமை என்று சுருக்கிக் கூறலாம். மென்பொருள் தொழிலிலேயே இதனை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், பல நாடுகளிலும் உள்ள 201 பேரிடம், தேவைக்குறிப்பு மாறும்போது என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டனர். மாறுதல் கைக்கு வரும்போது ஒரு மனம், அதனைச் செய்யும்போது ஒரு மனம், முடித்துக் கொடுக்கும்போது வேறொரு மனம் என்று உணர்ச்சி கட்டத்திற்குக் கட்டம் மாறுவதாக அதில் தெரியவந்தது. உணர்வு நிலையில்லாதது என்பதை 201 சாட்சிகளோடு கண்டாற்போல் ஆயிற்று.

ஆனால், மேல்நாட்டார் இன்று கண்டதெல்லாம் நம் பிடகத்தில் அன்றே இருந்தது என்று மார்தட்டுதல் நமக்கு அழகன்று. அவர்கள் நாடுவது வேலை செவ்வனே நடைபெறுதல். பகவான் நாடியது துக்க நிவாரணம். இரண்டு வழியும் சிறிது தூரம் சேர்ந்து செல்கின்றன. அவ்வளவு தூரம் துணையாகக் கொள்வோம்.

தேவைக்குறிப்பு மாறுவதைப் பற்றி விநய பிடகம் நமக்குச் சொல்வது இதனினும் சுவையானது. விதிகள் ஒரே நாளில் எழுதி முடிக்கப்பட்டவை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவை மாறிய வரலாறு அப்படியே ஏட்டில் இருக்கிறது. பாசித்தியங்களுள் நீராடுதலைப் பற்றிய ஒன்றைப் பாருங்கள்.

இராஜகிருகத்தில் தபோதை என்னும் வெந்நீர் ஊற்றில் பிக்குகள் நீராடிக்கொண்டிருந்தனர். பிம்பிசார மன்னன் தலைமுழுக அங்கே வந்தான். பிக்குகள் முடிக்கட்டும் என்று ஒருபுறம் ஒதுங்கி நின்றான். அவர்களோ இருட்டும்வரை நீராடினர். மன்னன் அதன்பின் நீராடி நகரத்திற்குத் திரும்பும்போது கோட்டைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. தன் நகரத்திற்கு வெளியே தானே இரவைக் கழித்துவிட்டு, காலையில் பகவானைக் காண வந்தான். பகவான் வினவிய பின்னரே நடந்ததைச் சொன்னான். (இத்தகைய வாடிக்கையாளர் நம் இளைஞர்களுக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) அரைமாதத்திற்கு ஒருமுறைக்கு மேல் நீராடலாகாது என்று விதி பிறந்தது.

கோடை வந்தது. விதிக்கு அஞ்சிய பிக்குகள் நீராடாமல் வியர்வையோடு படுத்தனர். சீவரமும் படுக்கையும் கெட்டன. பகவானுக்கு அறிவித்தனர். கோடைக்கும் அதனை அடுத்த புழுக்கமான காலத்திற்கும் விலக்கு அளித்தார். பின்னர் நோயுற்றவர் இடர்ப்பட்டனர், அவர்க்கு விலக்கு. கட்டட வேலை செய்த பிக்குகள் வியர்த்தனர், அவர்க்கும் விலக்கு. பயணம் செய்தோர்க்கு ஒன்று. புழுதிக் காற்றிலும் தூறலிலும் அகப்பட்டோர்க்கு ஒன்று. அதன்பின்னும் முடியவில்லை. அவந்தி நாட்டிலிருந்து சோண குடிகண்ணர் தம் ஆசிரியராகிய மகாகச்சானரின் விண்ணப்பத்தைச் சுமந்து சாவத்திக்கு வந்தார். எல்லை நாடுகளில் நீராடுதல் மக்கள் வழக்கமாதலால் அங்கே எப்பொழுதும் நீராட அனுமதி வேண்டும் என்பது அவர் கேட்டவற்றுள் ஒன்று. அதுவும் அளிக்கப்பட்டது.

ஒரே விதி இத்தனை முறை மாறியிருக்கிறது. முதலிலேயே இதனை எண்ணியிருக்கக் கூடாதா என்று பிக்குகள் முணுமுணுத்ததாக அவ்விடத்தில் இல்லை. நான் சொன்னது சொன்னதுதான் என்று பகவானும் சொல்லவில்லை. விதி வகுத்தவர் தம் விதியால் பிறர் பட்ட துன்பத்தைக் கேட்டார். துன்பப்பட்டவர் விதியைக் கள்ளத்தனமாக மீறாமல், வாய் திறந்து சொன்னார். இவ்விரண்டும் இருந்தமையால் மாறுதல் எவருக்கும் தோல்வியாகவில்லை.

இன்னொன்றை இளைஞர்களே எடுத்துக்காட்டினர். விநயத்தில் ஒவ்வொரு திருத்தத்தோடும் அது எழுந்த காரணம் கதையாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இருபத்தைந்து நூற்றாண்டு கழிந்தும் புழுதிக் காற்று விலக்கு எதற்கு என்று நமக்குத் தெரியும். தங்கள் அலுவலகங்களில் என்ன மாறிற்று என்று மட்டும் எழுதப்படுகிறது, ஏன் மாறிற்று என்று எழுதப்படுவதில்லை என்றனர். அந்த வெள்ளிக்கிழமை மாறுதலுக்கும் காரணம் இருந்தது. இரண்டு விலையும் அச்சாகிய மாதிரிப் பில்லைக் கண்ட கடைக்காரர் ஒருவர், வாங்குவோர் பழைய விலையை இன்றைய விலை என்று மயங்கிச் சண்டைக்கு வருவார்கள் என்று அஞ்சினார். நியாயமான அச்சம். அவ்வொரு வாக்கியத்தைக் குழுத்தலைவர் சேர்த்து எழுதியிருந்தால், எட்டுப் பேர் காதில் பாதிச் சூடு தணிந்திருக்கும். 'சின்ன மாற்றந்தான்' என்ற சொல் இல்லாதிருந்தால் மீதியும் தணிந்திருக்கும். நம் சமூகத்துப் பிள்ளைகளுள் பலர் இன்று குழுத்தலைவர் நிலைக்கு வந்துள்ளனர். அவர்கள் இதனை இருமுறை வாசிக்க வேண்டுகிறோம். பிறர் செய்ய வேண்டிய வேலையைச் சின்ன வேலை என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

இளைஞர் சொன்னவற்றுள் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான். ஏ.சி. கருவிக் கணக்கைச் சொன்னோம் அன்றோ? அக்குறையை அவர் புதன்கிழமையே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தார். வேலை மிகுதியால் தள்ளிப்போயிற்று. வெள்ளிக்கிழமைச் செய்தி வந்ததும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார். குறிப்பில் அது இல்லை. கேட்டால் சொல்லுவோம். திங்கட்கிழமை கடைகளில் குழப்பம் வரட்டும், அப்போது தெரியும். அன்றிரவு குழுவில் எல்லாரோடும் பணிவாகப் பேசினார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர், எவ்வளவு பொறுமை என்று வியந்திருப்பர்.

நாம் பொறுமை என்று போற்றுவதில் எவ்வளவு பகுதி இத்தகையது என்று எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. கத்துகிற துவேஷம் உண்டு. வாய் மூடிக்கொள்கிற துவேஷமும் உண்டு. பின்னது அதிக நட்டம் விளைக்கும். ஏனெனில் அதன் பயனை அனுபவிப்பவர் குழுத்தலைவர் அல்லர். 3,000 ரூபாய் குறைவாகப் பெற்றுக்கொண்டு, காரணம் விளங்காமல் வீடு திரும்பும் முகமறியாத ஒருவர்.

வாய் திறத்தல் எவ்வளவு அரிது என்பதற்கு ஆனந்தரே சான்று. பரிநிர்வாணத்திற்கு முன், சங்கம் விரும்பினால் சிறு விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்று பகவான் ஆனந்தரிடம் சொல்லியிருந்தார். எவை சிறு விதிகள் என்று ஆனந்தர் கேட்கவில்லை. பின்னர் இராஜகிருகத்தில் மகாகஸ்ஸபர் தலைமையில் 500 அரகந்தர்கள் கூடிய முதற் சங்கீதியில் இது வெளிவந்தது. பாராசிகம் நான்கு நீங்கலாக மற்றவை எல்லாம் சிறியவை என்றார் சிலர்; சங்காதிசேஷம் பதின்மூன்றையும் விலக்கிவிட்டு எண்ண வேண்டும் என்றார் சிலர்; இன்னும் பலவாறாகச் சொல்லப்பட்டது. முடிவில் எதனையும் நீக்குவதில்லை, புதிதாக எதனையும் சேர்ப்பதில்லை என்று சங்கம் தீர்மானித்தது. கேட்காமல் விட்டது குற்றம் என்று ஆனந்தரைத் தேரர்கள் கண்டித்தனர். நினைவின்மையால் கேட்காமல் விட்டேன் என்றார் அவர். தாம் அதில் குற்றம் காணவில்லை என்றும், ஆயினும் தேரர்கள்மேல் உள்ள நம்பிக்கையால் அதனைக் குற்றமாக ஒப்புக்கொள்வதாகவும் கூறினார்.

இவ்விடை நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. பகவானை இழந்த துயரம் ஆறாத காலம். சபை நடுவே கண்டனம். மேலும் சில குற்றச்சாட்டுகளும் அவர்மேல் வரிசையாக வைக்கப்பட்டன. அவர் தம் கருத்தை மறைக்கவுமில்லை, அதன்பொருட்டுச் சபையை உடைக்கவுமில்லை. நம் கருத்தைச் சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் புழுக்கம் என்ற இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணி வாழ்கின்றோம். ஆனந்தர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்.

"அப்படியானால், என்ன சொன்னாலும் சரி என்று செய்துகொண்டே இருக்க வேண்டுமா ஐயா? என் பாட்டன் செய்தது அதுதானே?" என்று இளைஞர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. பொறுமையின் பெயரால் அடிமைத்தனத்தைப் போதிக்கும் மதங்களை விட்டுத்தான் நம்மவர் தம்மத்துக்கு வந்தனர். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீக்ஷை பெற்றதும், மேலும் நல்ல அடிமைகளாவதற்கு அன்று. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை எட்டுப் பேரின் இரவு பறிக்கப்படுமானால், அது மனத்தைப் பயிற்றித் தீர்க்க வேண்டிய குறையன்று. அலுவலகத்தைத் திருத்தித் தீர்க்க வேண்டிய குறை. சில நிறுவனங்கள் 'உணர்ச்சி நுண்ணறிவு' வகுப்பு நடத்திவிட்டு வேலை நேரத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கின்றன என்று கேள்விப்படுகிறோம். அவ்வகுப்பு இரண்டாவது அம்பைப் பற்றிப் பேசி, முதலம்பு எய்தவரை மறைக்கிறது.

ஆயினும் மறுத்துச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. பிறர் குறையை எடுத்துரைப்பவனுக்கு ஐந்து தகுதிகள் கூறப்பட்டுள்ளன. தக்க காலத்தில் சொல்லுதல், உண்மையைச் சொல்லுதல், மென்மையாகச் சொல்லுதல், பயனுள்ளதைச் சொல்லுதல், மைத்திரி நிறைந்த உள்ளத்தோடு சொல்லுதல். இவற்றுள் காலம் என்பதையே நம்மவர் பெரும்பாலும் தவறவிடுகின்றனர். மாலை ஆறு மணிக்குக் காது சூடாயிருக்கும்போது சொல்வது அகாலம். மூன்று மாதம் கழித்து வேலையை விடும்போது சொல்வதும் அகாலமே. உண்மை என்பதற்கு மென்பொருள் தொழிலில் ஓர் எளிய வடிவம் உண்டு. 'முடியாது' என்பதும் 'சரி' என்பதும் பெரும்பாலும் முழு உண்மை ஆவதில்லை. 'இதனைச் செய்யலாம், செய்தால் திங்கட்கிழமைக்குத் திருப்பல் கணக்கு ஆயத்தமாகாது, இரண்டில் எது முதலில் வேண்டும்?' என்பது முழு உண்மை. மேஸ்திரி சுவரைக் கைநீட்டிக் காட்டியது போன்றது அது. இவ்வாறு சொல்லியும் கேளாதவரிடத்தில் என்ன செய்வது என்று வகுப்பில் நெடுநேரம் பேசினோம். வேறு இடம் தேடிக்கொள்ளுதலும் தவறன்று என்பதே பெரும்பாலோர் கருத்து. நாம் மறுக்கவில்லை.

இவ்வளவும் பேசியது 21-ஆம் நாள் ஞாயிறு காலை வகுப்பில். முடிந்ததும் இளைஞர் மண்டபத்துக்கு வெளியே சென்று வேப்பமரத்தடியில் நின்று குழுத்தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். திருப்பல் கணக்கின் குறையைச் சொன்னார். புதன்கிழமையே தெரியும் என்பதையும், வெள்ளிக்கிழமை கோபத்தால் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லையாம். பிறகு, "நானும் அதை யோசிக்கவில்லை" என்ற விடை வந்ததாம்.

ஒரே நாளில் அடித்தளத்தைத் திருத்த முடியாது. ஆகவே செப்டம்பர் 22-க்கு முன் போட்ட பில்களுக்குத் திருப்பல் செய்யும் பகுதியை மென்பொருளில் மூன்று நாள் பூட்டிவைத்தார்கள். அம்மூன்று நாளும் கடைக்காரர்கள் திருப்பலைக் கையால் எழுதினார்கள். வாடிக்கையாளர் மகிழவில்லை, மேலாளர் இளைஞரை அழைத்துக் கடிந்துகொண்டார். பில்லின் அடியில் வர வேண்டிய அந்த ஒரு வரி மறுவாரத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதைப்பற்றி அதன்பின் எவரும் கேட்கவில்லையாம்.

அடுத்த வகுப்புக்கு வருவோர் ஒரு சிறு காகிதம் கொண்டுவர வேண்டுகிறோம். இவ்வாரத்தில் உங்கள் வேலை ஒன்று இடையில் மாற்றப்பட்டபோது, உடம்பில் எவ்விடத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்பதை ஒரு வரியிலும், அதன்பின் எழுந்த முதல் எண்ணத்தை மற்றொரு வரியிலும் எழுதினால் போதும். இல்லத்தில் சமையல் முடிந்தபின் விருந்தினர் தொகை மாறியதைத் தாய்மார் எழுதலாம். தொழில் எதுவாயினும் தடையில்லை. பெயர் எழுத வேண்டாம். காகிதங்களை வாசித்தபின், சுல்லவக்கத்தில் முதற் சங்கீதியைக் கூறும் பகுதியைத் தொடங்குவோம்.